கடல்வாயிலைக் காத்தோர்: கடற்கண்ணி அகற்றிய வரலாறு

தோற்றுவாய்

கடல் சூழ்ந்த நாட்டிற்குக் கடலே அகழி, கடலே தலைவாயில். அகழியைத் தாண்டி வந்த பகைவரைப் பற்றியும், அவரை எதிர்த்து நின்ற வீரரைப் பற்றியும் வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. தலைவாயிலில் பகைவர் மறைத்து வைத்துச் சென்ற கண்ணிகளைத் தேடி வாரி அகற்றியோரைப் பற்றியோ அந்நூல்கள் ஓரிரு வரிகளோடு அமைந்துவிடுகின்றன. எனினும் அவர்களது உழைப்பு இல்லையேல் தீவு நாடு ஒன்று போரில் தோற்பதற்கு முன்னரே பசியில் தோற்றுவிடும்.

நமுனுகுல மலையை நோக்கி நிற்கும் பசறைக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என மாணவர் வினவுதல் இயல்பே. பசறைத் தோட்டங்களிற் பறித்த கொழுந்து தேயிலையாகிப் பெட்டிகளில் அடைக்கப்பட்டபின், அது விலையாகும் சந்தை கடலுக்கு அப்பால் இலண்டனில் இருந்தது. கொழுந்து பறித்த தொழிலாளியின் உலையில் வெந்த அரிசியும் பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேறி வந்ததேயாம். தேயிலை வெளியே சென்றதும் அரிசி உள்ளே வந்ததும் கொழும்புத் துறைமுகத்தின் வழியே. ஆகவே, கடலையே காணாது வாழ்ந்த மலைநாட்டு மக்களின் வாழ்வும் அத்துறைமுக வாயில் திறந்திருப்பதைப் பொறுத்தே அமைந்தது. அவ்வாயில் கடற்கண்ணியால் ஆபத்துக்குள்ளான நிகழ்ச்சியினையும், கண்ணிகளை அகற்றும் முறைகள் வளர்ந்த வரலாற்றையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

‘ஓநாய்’ வந்த இரவு

முதலாம் உலக மகாயுத்தத்தின் மூன்றாம் ஆண்டில், 1916 நவம்பர் 30 ஆம் நாள், ஜேர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. வணிகச் சரக்குக் கப்பலாகக் கட்டப்பட்டுப் பின்னர்ப் போர்க்கப்பலாக மாற்றப்பட்ட அதன் பெயர் ‘வொல்வ்’. ஓநாய் என்பது பொருள். பீரங்கிகளை மறைத்து வைத்து, சாதாரண வணிகக் கப்பல் போன்ற தோற்றத்துடன் அது சென்றது. அதன் தலைவர் கார்ல் ஓகஸ்ட் நேர்கர் என்பவர். நானூற்றுக்கு மேற்பட்ட கடற்கண்ணிகள் அதன் வயிற்றில் இருந்தன. 1917 ஜனவரியில் தென்னாபிரிக்கக் கரையோரத்திற் சில கண்ணிகளை இட்டபின், அது இந்துமாக்கடலுள் நுழைந்து இலங்கையை நோக்கி வந்தது.

1917 பெப்ரவரி நடுப்பகுதியில், இருள் சூழ்ந்த பொழுதில், கொழும்புத் துறைமுகத்தை அணுகும் கப்பற்பாதையில் நேர்கர் கண்ணிகளை இறக்கிவிட்டு மறைந்தார். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. எவரும் அவரைக் காணவுமில்லை. பெப்ரவரி 17 ஆம் நாள் பீபி கம்பனிக்குரிய ‘வூஸ்டர்ஷயர்’ என்னும் கப்பல் கொழும்புக்கு அண்மையில் வெடியுண்டு மூழ்கியது. நான்கு நாள் கழித்து, 21 ஆம் நாள், ‘பேர்சியுஸ்’ என்னும் கப்பலுக்கும் அதே கதி நேர்ந்தது. இரண்டும் ஏறத்தாழ ஏழாயிரம் தொன் கொண்ட பெருங்கப்பல்கள். முன்னது பர்மாவையும் இலங்கையையும் பிரித்தானியாவோடு இணைத்த சேவையைச் சேர்ந்தது.

அக்காலத்தில் ஊவாவுக்கான புகையிரதப் பாதை பண்டாரவளையோடு நின்றிருந்தது. பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924 இலேயே. பசறைத் தேயிலை வீதிவழியே புகையிரதத்தை அடைந்து, மலையிறங்கிக் கொழும்பைச் சேரவேண்டும். இத்துணை இடர்ப்பாட்டுடன் கரைசேர்ந்த பொருள், கண்ணுக்குப் புலப்படாத ஒரு பந்தின் தயவில் நிற்கவேண்டிய நிலை அம்மாதத்தில் உண்டாயிற்று.

வொல்வ் கப்பலோ அடுத்துப் பம்பாய்க் கரையிலும், பின்னர் நியூசிலாந்து, அவுஸ்திரேலியக் கரைகளிலும் கண்ணிகளை விதைத்தது. பம்பாய்க்கு அப்பால் 1917 யூனில் ‘மொங்கோலியா’ என்னும் பயணிகள் கப்பல் மூழ்கியது. அவுஸ்திரேலியாவின் காபோ தீவருகே 1917 யூலையில் ‘கம்பர்லாந்து’ என்னும் கப்பல் சேதமுற்றபோது, சரக்கினுள் எவரோ வெடிகுண்டு மறைத்து வைத்தனர் என்றே முதலிற் கருதினர். கடலை வாரிப் பார்த்து, கண்ணிகள் அகப்பட்ட பின்னரே உண்மை தெளிந்தது. 451 நாட்கள் எந்தத் துறைமுகத்தையும் அணுகாமற் சுற்றிய வொல்வ், 1918 பெப்ரவரி 24 இல் கீல் துறைமுகத்தை மீண்டும் அடைந்தது. அது வீடு திரும்பி நான்கு மாதங்கள் சென்றபின், 1918 யூன் 26 இல், நியூசிலாந்துக்கு வடக்கே அது முந்திய ஆண்டில் இட்ட கண்ணியொன்றில் ‘விம்மெரா’ என்னும் கப்பல் மோதியது. இருபத்தாறு பேர் மாண்டனர். இட்டவன் போய்விட்டாலும் இட்ட கண்ணி போவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கண்ணியின் அமைப்பு

அகற்றும் முறையை அறியுமுன் அகற்றப்படும் பொருளை அறிதல் வேண்டும். அக்காலத்துக் கடற்கண்ணி வெடிமருந்து நிறைந்த ஓர் இரும்புப் பந்தாகும். அதனுள் வெற்றிடம் விடப்பட்டிருத்தலால் அது மிதக்க முயலும். கடலடியிற் கிடக்கும் பாரமான அடிக்கட்டையோடு உருக்கு வடத்தாற் பிணைக்கப்பட்டிருத்தலால் மேலே வர இயலாது. ஆகவே நீர்மட்டத்திற்குச் சில அடி கீழே, மேலிருந்து காண்பவர் கண்ணுக்குத் தெரியாமல், கப்பலின் அடிப்பாகத்தை எதிர்நோக்கி அது நிற்கும்.

பந்தின் மேற்புறத்தில் மெல்லிய ஈயத்தாலான கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கொம்பினுள்ளும் அமிலம் நிரம்பிய கண்ணாடிக் குழாய் ஒன்றுண்டு. கப்பல் மோதியதும் ஈயம் வளையும், குழாய் உடையும், அமிலம் கீழுள்ள தகடுகளிற் படிந்து மின்கலமாகும், அம்மின்னோட்டம் வெடியைத் தூண்டும். மோதும் கணம் வரை கண்ணியில் மின்சாரமே இல்லை. அதனாலேயே அது மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் வலிமை குன்றாமற் காத்திருக்க முடிந்தது.

இக்கருவியின் கொடுமையை உலகம் 1904 இல் நன்கு உணர்ந்தது. அவ்வாண்டு ருசிய – யப்பானியப் போரில், ஏப்ரல் 13 இல் ‘பெத்ரொபவ்லொவ்ஸ்க்’ என்னும் ருசியப் போர்க்கப்பல் கண்ணியில் மோதி, தளபதி மகாரொவுடன் மூழ்கியது. மே 15 இல் யப்பானியரும் ‘ஹத்சுசே’, ‘யாஷிமா’ என்னும் இரு பெரும் போர்க்கப்பல்களைக் கண்ணிகளுக்குப் பலி கொடுத்தனர். கட்டறுந்து மிதந்த கண்ணிகள் போரிற் சம்பந்தப்படாத கப்பல்களையும் வருத்தின. இதன் விளைவாக 1907 இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் கண்ணிகளைப் பற்றித் தனியொரு உடன்படிக்கை செய்தன. கட்டறுந்த கண்ணி உடனே செயலிழக்கும் வண்ணம் அமைக்கப்பட வேண்டும் என்றும், போர் முடிந்ததும் ஒவ்வொரு நாடும் தான் இட்ட கண்ணிகளை அகற்றத் தன்னால் இயன்றதனைத்தும் செய்யவேண்டும் என்றும் அதில் விதித்தனர். விதை விதைத்தவனே களையும் பிடுங்கவேண்டும் என்னும் நீதி இது. அந்நீதி எவ்வளவு தூரம் பேணப்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கம்பிவடத்தால் வாருதல்

கண்ணியை வாரும் கலையைப் போர்க்கப்பலோட்டிகள் மீனவரிடமிருந்தே கற்றனர். கடலடியில் வலையை இழுத்து மீன் பிடிக்கும் நீராவிப் படகுகள் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் நிறைய இருந்தன. கனமான வலையையும் வடத்தையும் சமமாக இழுத்துச் செல்வதில் அப்படகோட்டிகள் கைதேர்ந்தவர்கள். இவர்களைப் பயன்படுத்தலாம் எனப் பிரித்தானியக் கடற்படைத் தலைவர்களுள் ஒருவரான சார்ல்ஸ் பெரஸ்போர்ட் பிரபு ஆலோசனை கூறினார். 1908 இல் கிரிம்ஸ்பி மீன்பிடிப் படகுகளைக் கொண்டு சோதனை நடைபெற்றது. அதன் பயனாக மீனவர் படையொன்று உருவாக்கப்பட்டது.

முறை எளியது. இரண்டு படகுகள் குறிப்பிட்ட இடைவெளியில் இணையாகச் செல்லும். இரண்டுக்குமிடையே நீண்ட உருக்குக் கம்பிவடம் தொங்கும். வடம் வேண்டிய ஆழத்தில் நிற்பதற்காக, நீரின் விசையாற் கீழ்நோக்கி அமிழும் பலகைகள் வடத்தின் இருபுறமும் பிணைக்கப்படும். காற்றிற் பட்டம் மேலெழுவது போல இவை நீரிற் கீழிறங்குதலால் இவற்றுக்குப் ‘பட்டம்’ என்றே பெயர். கரைவலை இழுப்போர் இரு புறமும் நின்று வலையை வளைத்து வருவதைக் கண்டவர்க்கு இக்காட்சி எளிதில் விளங்கும். வடம் சென்று கண்ணியின் பிணைப்பிற் சிக்கும். அரம்போன்று முறுக்கப்பட்ட வடம் அதனை அறுக்கும். கண்ணி மேலே மிதந்து வரும். அதனைத் துப்பாக்கியாற் சுட்டு வெடிக்கச் செய்வர், அல்லது துளைத்து மூழ்கடிப்பர்.

முதலாம் யுத்தம் முடிந்தபின் ‘ஒரோபேசா’ என்னும் படகிற் சோதித்ததால் அப்பெயரே பெற்ற முறையில், ஒரு கப்பலே தனித்து வடத்தை இழுக்கலாயிற்று. வடத்தின் நுனியிலுள்ள மிதவையும் பலகையும் அதனைக் கப்பலுக்குப் பக்கவாட்டில் விலக்கி நிறுத்தும். இவ்வாறு செல்லும் கப்பல்கள் பல ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வரிசையிற் செல்லும். முன்னது வாரிய நீரிற் பின்னது செல்லும். பின்னது வாரிய நீரில் அதற்கடுத்தது செல்லும். வாரிய எல்லையைக் கொடி கட்டிய மிதவைகளால் அடையாளமிடுவர்.

இவ்வரிசையில் ஓர் உண்மை உண்டு. பின்வரும் கப்பல்களுக்கெல்லாம் முன்னதன் பாதுகாப்புண்டு; முதற் கப்பலுக்கு எவர் பாதுகாப்புமில்லை. அது எப்பொழுதும் வாராத நீரிலேயே செல்லும். பெருங்கப்பலைக் காப்பாற்றச் சிறுகப்பல் தன்னை முன்னிடுதலே இத்தொழிலின் அடிப்படையாகும்.

கொழும்பு வாயிலிலும் பம்பாய் வாயிலிலும் 1917 இல் தேவைப்பட்டது இந்தக் கம்பிவட முறையே. இட்ட கண்ணிகளின் தொகை வாருபவருக்குத் தெரியாது. அகப்பட்டவற்றை எண்ணலாம், அகப்படாதவற்றை எண்ணுவது எங்ஙனம்? ஆகையால் ஒருமுறை வாரிய பாதையை மறுமுறையும் வாரவேண்டும். கண்ணி ஒன்றும் கிடைக்காத நாளிலும் உழைப்பு முழுமையாகவே செலவாகும்.

தார்தனெல்ஸ் தந்த பாடம்

எதிரியின் பீரங்கி எட்டாத கொழும்பு போன்ற இடத்திலேயே இப்பணி இத்துணைக் கடினமெனில், பீரங்கிகளின் எதிரே அது எவ்வாறாகும் என்பதை 1915 இல் துருக்கியின் தார்தனெல்ஸ் நீரிணை காட்டியது. நீரிணையை ஊடறுத்துக் கொன்ஸ்தாந்திநோபிளை அடையப் பிரித்தானிய, பிரெஞ்சுக் கடற்படைகள் முயன்றன. கண்ணிகளை வாரும்படி மீனவர் படகுகள் அனுப்பப்பட்டன. எதிர்நீரோட்டம் வேகமானது, படகுகளோ மெதுவானவை, கரையிலிருந்து தேடொளி விளக்குகள் அவற்றைக் காட்டிக்கொடுக்க, பீரங்கிகள் சுட்டன. படகோட்டிகள் பலமுறை முயன்றும் பணி நிறைவேறவில்லை.

இதனிடையே மார்ச் 8 ஆம் நாள் ‘நுஸ்ரத்’ என்னும் சிறு துருக்கிக் கப்பல் இருபத்தாறு கண்ணிகளைக் கரைக்கு இணையாக ஒரு வரிசையில் இட்டுச் சென்றது. வாரிகள் அவ்வரிசையை முற்றாக அறியவில்லை. மார்ச் 18 இல் பெரும் கடற்படை முன்னேறியபோது ‘பூவே’, ‘இர்ரெசிஸ்ரிபிள்’, ‘ஓஷன்’ ஆகிய மூன்று போர்க்கப்பல்கள் மூழ்கின. பூவே கப்பலில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். கடற்படை பின்வாங்கியது; அதன் தொடர்ச்சியாகக் கலிப்பொலியில் நிலப்போர் மூண்டு பல்லாயிரவர் மடிந்தனர். வாருவோரைக் காக்கும் ஏற்பாடு இன்றி அவர்களை அனுப்பியதும், வாரப்படாத நீரை வாரப்பட்டதாக எண்ணியதுமே இதற்கு முதன்மையான காரணங்கள். பேரரசுகளின் திட்டமும் கண்ணிவாரியின் வடத்திலேயே தொங்கியதை வரலாறு இங்கே காட்டுகின்றது.

காந்தமும் ஒலியும்

இரண்டாம் உலக மகாயுத்தம் தொடங்கிய 1939 இல் கம்பிவடத்தாற் பயன் பெறாத புதிய கண்ணியொன்றை ஜேர்மனியர் பயன்படுத்தினர். அது மிதப்பதில்லை, ஆழங்குறைந்த நீரின் அடியிற் கிடப்பது. அறுப்பதற்குப் பிணைப்பே இல்லை. கப்பல் அதில் மோதவேண்டியதுமில்லை. வாரிச் சென்ற பாதையிலேயே கப்பல்கள் வெடித்தன.

1939 நவம்பர் 22 ஆம் நாள் இரவு, தேம்ஸ் நதி முகத்தில் சூபரினெஸ் என்னும் இடத்துச் சேற்றில் விமானமொன்று இக்கண்ணிகளைத் தவறுதலாகப் போட்டுவிட்டது. மறுநாள், கடல் வற்றியிருந்த நேரத்தில், ஜோன் ஊவ்ரி என்னும் கடற்படை அதிகாரியும் துணைவர்களும், காந்தத்தன்மை அற்ற கருவிகளைக் கொண்டு அவற்றுள் ஒன்றைப் பிரித்தனர். ஒவ்வொரு திருகாணியும் உயிரைப் பணயம் வைத்துக் கழற்றப்பட்டது. உள்ளே இருந்தது காந்த ஊசி. இரும்புக் கப்பல் மேலே செல்லும்போது அவ்விடத்துக் காந்தப்புலம் மாறும், ஊசி அசையும், மின்சுற்று மூடி வெடி நிகழும்.

நோயின் மூலம் தெரிந்தபின் மருந்து காணப்பட்டது. கப்பலைச் சுற்றி மின்கம்பி கட்டி மின்னோட்டம் செலுத்தி அதன் காந்தத்தன்மையை மழுங்கச் செய்தனர். வாருவதற்கு, இரண்டு கப்பல்கள் நீரில் மிதக்கும் நீண்ட மின்வடங்களை இழுத்துச் சென்று, இரண்டும் ஒரே கணத்தில் வலிய மின்னோட்டத்தைக் கடல்நீரினூடே பாய்ச்சின. உண்டாகும் காந்தப்புலத்தைக் கப்பலென எண்ணிக் கண்ணி பின்னாலேயே வெடித்துவிடும். இப்பணிக்கு மரக்கப்பல்கள் மிகவும் பொருத்தமாயின.

1940 இல் கப்பற் பொறியின் ஓசையைக் கேட்டு வெடிக்கும் கண்ணி வந்தது. அதற்கு மாற்றாகக் கப்பலின் முன்புறத்தில் ஒலிக்கும் சம்மட்டிகளைப் பொருத்தி, ஓசையைத் தொலைவுக்கு அனுப்பினர். 1944 இல், கப்பல் செல்லும்போது நீரழுத்தம் குறைவதை உணரும் கண்ணியும் வந்தது. அதனை நல்ல முறையில் வார வழியில்லாமையால் கப்பல்கள் மிக மெதுவாகச் செல்லவேண்டியதாயிற்று. முதலிற் செல்லும் சில கப்பல்களைப் போகவிட்டுப் பின்வருவதைத் தாக்கும் எண்ணுபொறியும் கண்ணிகளிற் சேர்ந்தது. இதனால் ஒரே பாதையைத் திரும்பத் திரும்ப வாருதல் இன்றியமையாததாயிற்று. கம்பிவடம் கையின் வலிமையை வேண்டியது. புதிய முறைகள் எதிரியின் எண்ணத்தை அறியும் அறிவையும் உடன் வேண்டின.

இலங்கையின் கண்ணிவாரிகள்

1937 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தினால் இலங்கையிற் கடற்படைத் தொண்டர் படைக்கு வழி வகுக்கப்பட்டது. 1939 இல் போர் மூண்டதும் அப்படை சேவைக்கு அழைக்கப்பட்டது; 1943 இல் பிரித்தானியக் கடற்படையின் இலங்கைத் தொண்டர் சேமப்படையாயிற்று. மீன்பிடி இழுவைக் கப்பல்களும், தென்துருவக் கடலில் திமிங்கிலம் வேட்டையாடிய கப்பல்களும் கண்ணிவாரிகளாக மாற்றி இவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ‘ஓவர்டேல் வைக்’ என்பது இலங்கை அரசாங்கம் முதன்முதல் வாங்கிய கப்பல். செம்லா, சாம்பர், ஹொக்சா, பால்டா, ஒக்காப்பி என்பன ஏனையவை. துறைமுக வாயில்களை வாரிக் காப்பதே இவற்றுக்கு உரிய பணி. எனினும் இலங்கைக் கடலுக்கு அப்பாலும் இவை பலமுறை அனுப்பப்பட்டன.

அக்காலத்தில் இவ்வாயிலின் அருமை முன்னையினும் பெருகியது. பிரித்தானியாவில் 1940 யூலையில் தேயிலைக்குப் பங்கீடு வந்தது. ஆளுக்கு வாரத்திற்கு இரண்டு அவுன்சே. 1942 இல் யாவாவும் சுமாத்திராவும் யப்பானியர் வசமானபின், இந்தியாவும் இலங்கையுமே நேச நாடுகளுக்கு முதன்மையான தேயிலை நிலங்களாயின. அதே ஆண்டு பர்மா வீழ்ந்ததால் இலங்கைக்கு அரிசி வரவு அற்றது. தோட்டத்து லயங்களிலும் நகரத்து வீடுகளிலும் சோற்றுக்குப் பதிலாகக் கோதுமை மா இடம்பெறலாயிற்று. அம்மாவும் கப்பலிலேயே வந்தது. 1942 ஏப்ரல் 5 இல் கொழும்பும், 9 இல் திருகோணமலையும் யப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டதை எல்லாரும் நினைவுகூர்வர். அத்தாக்குதலுக்கு முன்னும் பின்னும் ஆரவாரமின்றித் துறைமுக வாயிலிற் சுழன்றுகொண்டிருந்த சிறு கப்பல்களை நினைப்பார் சிலரே.

சுதந்திர இலங்கையின் கடற்படை 1950 டிசெம்பர் 9 இல் முறையாகத் தோன்றியது. அதன் முதற் பெருங்கப்பலான ‘விஜய’, முன்பு பிரித்தானியரின் ‘பிளையிங் பிஷ்’ என்னும் கண்ணிவாரிக் கப்பலாக இருந்ததாகும். புதிய நாடொன்றின் கடற்படை, வாயிலைத் துப்புரவு செய்யும் கப்பலோடு தொடங்கியமை பொருத்தமுடையதே.

போருக்குப் பின் எஞ்சிய பணி

ஒரு தீவைக் கண்ணியாற் பட்டினியிட முடியும் என்பதை 1945 இல் அமெரிக்கர் யப்பானிற் செய்து காட்டினர். மார்ச் மாத இறுதியிலிருந்து விமானங்கள் பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட கண்ணிகளை யப்பானின் துறைமுகங்களிலும் நீரிணைகளிலும் இட்டன. இம்முயற்சிக்குப் ‘பட்டினி’ என்றே பெயரிட்டனர். கப்பற் போக்குவரத்து முடங்கியது. சரணடைந்த பின்னர் அக்கண்ணிகளை அகற்றும் பொறுப்புப் பெரும்பாலும் யப்பானியர் தலையிலேயே விழுந்தது; அப்பணியில் அவர்களுள் எழுபதுக்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். இட்டவனே அகற்றுக என்ற ஹேக் நகரின் நீதி எட்டில் நிற்க, கண்ணி கிடந்த கரையின் மக்களே அதனைச் சுமந்தனர்.

வங்காளதேசம் 1971 இல் விடுதலை பெற்றபோதும் இதுவே நேர்ந்தது. போர்க்காலத்திற் சிற்றகொங் துறைமுகத்தில் மூழ்கிய கப்பல்களும் இடப்பட்ட கண்ணிகளும் புதிய நாட்டின் உணவு வாயிலை அடைத்து நின்றன. 1972 இல் வந்த சோவியத் கடற்படைக் குழுவொன்று தளபதி சுயென்கோவின் தலைமையில் 1974 வரை உழைத்து அத்துறைமுகத்தைத் திறந்தது. அண்மையிலும், 2022 இல் மூண்ட உக்கிரேன் போரில் கருங்கடலிற் கண்ணிகள் மிதந்தன. தானியக் கப்பல்களின் பாதையைக் காக்கத் துருக்கி, ருமேனியா, பல்கேரியா ஆகிய மூன்று நாடுகளும் 2024 இல் கூட்டாகக் கண்ணி அகற்றும் ஏற்பாட்டைச் செய்தன. இந்நாளில் ஒலியலைகளால் கடலடியைத் துருவிப் பார்ப்பதும், ஆளில்லாச் சிறு கலங்களை அனுப்பி ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே அழிப்பதும் வழக்கமாகியுள்ளன. கருவி மாறியது, ஓர் அடி நீரையும் தவறவிடாது தேடும் பொறுமை மாறவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. கண்ணி இடுவது ஓர் இரவின் வேலை. அகற்றுவது பல மாதங்களின் வேலை. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒவ்வொரு மாற்று உண்டெனினும், கண்ணியின் உட்பொருளை அறியாமல் மாற்றுக் காண இயலாது. ஆகவே இத்துறையில் அறிவும் துணிவும் பிரிக்கவொண்ணாதன. போர் முடிந்தது என்று ஆட்சியாளர் கையெழுத்திட்ட நாளிற் கண்ணி தன் போரை முடித்துக்கொள்வதில்லை. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நிலத்திற் புதைந்த கண்ணிகளை, 2009 இல் போர் ஓய்ந்தபின் ஆண்டுக்கணக்காக முழந்தாளிட்டுத் தேடிய ஆண்களும் பெண்களும் இவ்வுண்மையைத் தம் கைகளால் அறிந்தவர்கள்.

வென்றவர் பெயரை வரலாறு கல்லிற் பொறிக்கின்றது. வாரியவரின் வெற்றியோ நிகழாத ஒன்றில் அடங்கியது. மூழ்காத கப்பலும், நில்லாத உலையுமே அதன் சான்று. மலையிலிருந்து இறங்கிய தேயிலைப் பெட்டி இலண்டனை அடைந்ததும், கடல் கடந்த மூடை பசறை லயத்து அடுப்பை அடைந்ததும் அவர்கள் எழுதிய வரலாறேயாம். அதனை உணர்ந்து போற்றுதல் கற்றோர் கடனாகும்.